எட்டாத இடத்தில் உள்ள டீசல் பில்டரை மாற்றுவது எப்படி?

கரும்புக்கோ வாழைக்கோ தண்ணீர் பாய்ந்து கொண்டிருக்கும். நன்றாக ஓடிக் கொண்டிருந்த ஆயில் என்ஜின் சிறிது சிறிதாக வேகம் குறையும். வாய்க்காலில் வரும் தண்ணீர் மெலியும். பிறகு என்ஜின் தானாகவே நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து ஹேண்டில் போட்டால் மறுபடி ஓடும். பத்து நிமிஷத்தில் மீண்டும் நின்றுவிடும்.

இப்படி நேர்ந்தால் பம்பு கெட்டுவிட்டது, நாசில் போய்விட்டது என்று எண்ணிப் பல விவசாயிகள் கவலைப்படுகிறார்கள். ஆனால் பல சமயங்களில் கோளாறு பம்பிலும் இல்லை, நாசிலிலும் இல்லை. அழுக்கு அடைத்த டீசல் பில்டர்தான் காரணம். இதை விவசாயிகள் தாங்களாகவே மாற்றிக்கொள்ளலாம். சில ஸ்பானர்களும் பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும்.

பில்டர் எதற்காக?

டீசல் என்ஜினின் உயிர் அதன் பம்பில் இருக்கிறது. பம்பின் உருளைக்கும் அதனுள் மேலும் கீழும் ஓடும் தண்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் டீசலைச் சதுர சென்டி மீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் நாசில் வழியாகப் பனிபோலப் பீய்ச்ச முடிகிறது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-ல் இத்தகைய பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் மூலம் இவை பரவின.

கண்ணுக்குத் தெரியாத ஒரு மண் துகள் உள்ளே போனாலும் அந்தத் தண்டில் கீறல் விழும். கீறல் விழுந்தால் அழுத்தம் குறையும், என்ஜின் புகை கக்கும், டீசல் வீணாகும். தண்ணீர் போனால் துரு பிடிக்கும். இந்தத் தண்டுக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் டீசலேதான். ஆகவே பில்டரை மாற்றாமல் விடுவது எவ்வளவு தவறோ, அழுக்குக் கையால் மாற்றுவது அதைவிடப் பெரிய தவறு.

ஏன் மாற்றாமல் விடுகிறார்கள்?

பில்டர் இருக்கும் இடமே முக்கிய காரணம். தரையில் வைத்த பம்பு 20 முதல் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. அதனால் பல கிணறுகளில் என்ஜினையும் பம்பையும் உள்ளே இறக்கி, பக்கத்தில் வெட்டிய மேடையில் வைத்திருக்கிறார்கள். அங்கே பில்டர் பாறைச் சுவரைப் பார்த்தபடி, டேங்குக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் மாட்டிக் கொண்டிருக்கும். கை நுழைந்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தால் கை நுழையாது.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பில்டரை அங்கேயே பிரிக்க முயல வேண்டாம். பில்டரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளையும், வரும் குழாய், போகும் குழாய் ஆகிய இரண்டையும் கழற்றி, பில்டரை முழுசாக மேலே கொண்டு வந்து, வெளிச்சத்தில் வைத்துப் பிரிக்கலாம். இதனால் நேரம் குறையும். டீசல் கிணற்றுத் தண்ணீரில் விழுவதும் தவிர்க்கப்படும்.

முதலில் சோதனை

புதிய பில்டர் வாங்குமுன் கோளாறு அதில்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் டேங்கு மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். மூடியில் உள்ள சிறு துவாரம் அடைபட்டிருந்தால் டேங்கினுள் காற்று புகாது, டீசலும் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் என்ஜின் சீராக ஓடினால், துவாரத்தைக் குத்தி விட்டாலே போதும்.

அது காரணமல்ல என்றால் என்ஜினை நிறுத்தி, ஆறிய பின், பம்பில் சேரும் இடத்தில் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும். டீசல் தாராளமாக வந்தால் பில்டர் நன்றாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால், அடுத்து டேங்கிலிருந்து வரும் குழாயைப் பில்டரில் சேரும் இடத்தில் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே தாராளமாக வந்தால் அடைப்பு பில்டரில்தான். அங்கேயும் சொட்டினால் டேங்கின் அடியிலுள்ள திருகிலோ அதன் சல்லடையிலோ அடைப்பு இருக்கிறது. இரண்டு சோதனையிலும் கீழே ஒரு தட்டு வைத்து டீசலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றில் இறங்குமுன்

என்ஜின் ஓடி நின்ற உடனே கிணற்றில் இறங்கக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வருவது தெரியுமுன் ஆளைச் சாய்த்துவிடும். விளக்கை இறக்கி அது அணையாமல் எரிந்தால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். விளக்கு எரிவதால் பிராணவாயு இருப்பது மட்டுமே தெரியும். கார்பன் மோனாக்சைடு இல்லை என்று ஆகாது.

மாலையில் நிறுத்திய என்ஜினில் மறுநாள் காலை வேலை செய்வது நல்லது. அதற்குள் சைலன்சரும் ஆறியிருக்கும். மேலே ஓர் ஆள் அவசியம் இருக்கவேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தால் மேலே இருப்பவர் தானும் இறங்கிவிடாமல், கயிற்றால் இழுத்துக்கொண்டே உதவிக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும். பீடி, சிகரெட் அருகில் கூடாது.

கழற்றும் முறை

தேவையானவை: அளவுக்குச் சரியான ஸ்பானர்கள், அகலமான தட்டு, பஞ்சு உதிராத சுத்தமான துணி, பிளாஸ்டிக் தாள், நூல், சுத்தமான டீசல் இரண்டு லிட்டர், புதிய பில்டர், அதற்கான ரப்பர் வளையங்கள், வாஷர்கள்.

முதலில் பில்டரையும் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் டீசலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். வெளியே உள்ள மண்தான் கழற்றும்போது உள்ளே விழும். டேங்கின் அடித்திருகை மூட வேண்டும். டேங்கிலிருந்து வரும் குழாயில் சிவப்பு நூலும், பம்புக்குப் போகும் குழாயில் வெள்ளை நூலும் கட்டிக்கொண்டால் திரும்ப மாட்டும்போது மாறாது. குழாய்கள் மாறினால் டீசல் தலைகீழாக ஓடி வடிகட்டும் வேலை கெட்டுவிடும். செல்போன் இருந்தால் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சுவர்ப் பக்கத்து போல்ட்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தால் தெரியும். திரும்ப மாட்டும்போது வாஷரில் சிறிது கிரீஸ் தடவி போல்ட்டோடு ஒட்டவைத்தால் கிணற்றில் விழாது. கழற்றிய குழாய்களின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி நூலால் கட்டிவிட வேண்டும்.

மேலே கொண்டு வந்த பின்

பில்டர் கிண்ணத்தில் உள்ள டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் டேங்கின் நிலைமை தெரிந்துவிடும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தனியாக நிற்கும். செம்மண் நிறத்தில் வண்டல் இருந்தால் டேங்கினுள் துரு இருக்கிறது. அப்படியானால் டேங்கையும் கழுவாமல் புதிய பில்டர் போடுவதில் பயனில்லை.

நடு போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தைப் பிரித்ததும், பழைய பில்டர், ஸ்பிரிங், வாஷர் ஆகியவை எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையில் துணிமேல் வைக்க வேண்டும். புதிய பில்டரைப் பழையதன் பக்கத்தில் வைத்து, உயரமும் நடுத் துவாரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

காகித பில்டரை மண்ணெண்ணெயில் கழுவியும், காற்று அடித்தும் திரும்பப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது கூடாது. காற்று அடித்தால் காகிதம் கிழியும். கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு பில்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கிண்ணத்தைச் சுத்தமான டீசலில் கழுவிக் கவிழ்த்து வடியவிட வேண்டும். மேல்மூடியின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் வளையத்தை மறக்காமல் எடுக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதைப் போட்டால் நிச்சயம் கசியும். புதிய வளையத்தில் டீசல் தடவி உட்கார வைத்து, எல்லாவற்றையும் பழைய வரிசையில் சேர்க்க வேண்டும். நடு போல்ட்டை முதலில் கையால் மரை ஏற்றி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்கினால் போதும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும்.

காற்று சீக்கிரம் வெளியேறட்டும் என்று பில்டரின் நடுத் துவாரத்தில் டீசல் ஊற்றக் கூடாது. பல பில்டர்களில் அது வடிகட்டிய டீசல் பம்புக்குப் போகும் பக்கம். அங்கே ஊற்றுவது வடிகட்டாமலேயே பம்புக்குப் போய்ச் சேரும்.

காற்று எடுத்தல்

பில்டரைப் பழைய இடத்தில் மாட்டிக் குழாய்களை இணைத்தபின் காற்றை வெளியேற்ற வேண்டும். டீசலில் காற்று கலந்திருந்தால் பம்பு காற்றைத்தான் அமுக்கும், நாசில் பீய்ச்சாது. டேங்கை முக்கால் பங்கு நிரப்பி, அடித்திருகைத் திறந்து, கீழே தட்டு வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செய்ய வேண்டும்:

1. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்த வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

2. பம்பின் காற்றுத் திருகிலும் அதே போலச் செய்ய வேண்டும்.

3. நாசிலில் சேரும் குழாயின் நட்டைத் தளர்த்தி, நிறுத்தும் லீவரை ஓடும் நிலையில் வைத்து, வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். டீசல் குமிழியின்றி வந்ததும் நட்டை இறுக்க வேண்டும்.

4. மேலும் சில சுற்று சுற்றினால் நாசிலில் ‘கிர்’ என்று சத்தம் கேட்கும். காற்று போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நாசில் பீய்ச்சுகிறதா என்று கையை முன்னால் நீட்டிப் பார்க்கக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி முனை அளவே துளை இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

கிணற்றினுள் என்ஜினை ஓடவிட்டதும், இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். புகைக் குழாய் ஓட்டையின்றித் தரைக்கு மேலே நீண்டிருக்க வேண்டும். தட்டில் சேர்ந்த அழுக்கு டீசலைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது.

டிராக்டரில்

பெரும்பாலான டிராக்டர்களில் இரண்டு பில்டர்கள் உண்டு. முதலாவது பெரிய அழுக்கையும் தண்ணீரையும் தடுக்கும். இரண்டாவது நுண்ணிய தூசியைப் பிடிக்கும். காற்று எடுக்கும்போது டீசல் ஏற்றும் சிறு பம்பின் கை லீவரை அடித்துக்கொண்டே, முதல் பில்டர், இரண்டாவது பில்டர், பெரிய பம்பு என்ற வரிசையில் செல்ல வேண்டும். காமன் ரெயில் முறையில் அமைந்த புதிய டிராக்டர், கார் முதலியவற்றில் அழுத்தம் ஆயிரம் கிலோவுக்கும் மேல். அவற்றில் நாசில் குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

பில்டர் நீண்ட நாள் உழைக்க

பீப்பாயில் வாங்கிய டீசலை ஒரு நாளாவது அசையாமல் வைத்திருந்து, அடியில் உள்ளதை விட்டு மேலாக எடுக்க வேண்டும். நாகம் பூசிய பாத்திரத்தில் டீசல் வைக்கக் கூடாது. புனலில் நுண்ணிய சல்லடை அவசியம். டேங்கைப் பாதி காலியாக இரவில் விட்டால், குளிர்ந்த காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். ஆகவே வேலை முடிந்ததும் மாலையிலேயே நிரப்பி வைப்பது நல்லது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பது என்ஜினோடு தந்த கைப்புத்தகத்தில் இருக்கும். மணி காட்டும் கருவி இல்லாதவர்கள் தினமும் ஓடிய நேரத்தைக் காலண்டரில் குறித்து வரலாம். நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஐம்பது நாளில் 250 மணி ஆகிவிடும். தண்ணீர் அதிகம் தேவைப்படும் பருவத்துக்கு முன்பே ஒரு பில்டரும் ரப்பர் வளையங்களும் வாங்கி வைத்துக்கொண்டால், பயிர் வாடும் நேரத்தில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

பில்டர் மாற்றிக் காற்று எடுத்த பின்னும் என்ஜின் சரியாக ஓடாவிட்டால் கோளாறு பம்பிலோ நாசிலிலோ இருக்கலாம். அவற்றை வீட்டில் பிரிக்கக் கூடாது. அழுத்தம் பார்க்கும் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துச் சோதிப்பதே முறை.