கைகொடுக்கும் கல்லூரி எது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக்காலத்தில், நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதாகும். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்களில் இக்கேள்விக்குப் பின்னால் நகையும் நிலப் பத்திரமும் கடனும் நிற்கின்றன. ஆதலின், பொறியியற் கல்லூரிகளுக்கான விருப்பப் பட்டியலை எவ்வாறு எழுதினால் இடம் தவறாமற் கிடைக்கும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஏரி நீரை நம்பி நெல் நடுபவர், மழை பொய்த்தாலும் உதவும் என்று மேட்டு நிலத்தில் கேழ்வரகையோ சோளத்தையோ விதைத்து வைப்பது வழக்கம். கல்லூரி தேடுவோருக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவரைத் தானே தேர்ந்தெடுப்பதால், அங்குள்ள மாணவர் பெரிய கல்லூரிகளுடன், இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதியான ஒன்றிரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பர். நம் மாநிலத்தில் முறை வேறு; தேவை ஒன்றே. அத்தகைய கல்லூரியை நாம் 'கைகொடுக்கும் கல்லூரி' என்போம்.

இடம் ஒதுக்கும் முறை

தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதல் பொறியியற் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில் நடைபெறுகிறது. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. 2018 முதல் கலந்தாய்வு இணையத்தின் வழியே நிகழ்கிறது. கணிதம் 100-க்கும், இயற்பியல், வேதியியல் ஆகியவை 50-க்கு 50-ஆகவும் குறைக்கப்பட்டு, மொத்தம் 200-க்கு மதிப்பெண் கணக்கிடப்படும். கணிதத்தில் 84, இயற்பியலில் 72, வேதியியலில் 78 பெற்ற மாணவருக்கு 84, 36, 39 என மொத்தம் 159 ஆகும். இதனைக் கொண்டே தர வரிசை எண் வழங்கப்படும்.

ஒருவரின் முறை வரும்போது, அவர் எழுதிய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். அவருக்குரிய பிரிவில் இடம் எஞ்சியிருக்கும் முதற் கல்லூரியும் பாடமும் அவருக்கு ஒதுக்கப்படும். இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் கீழே உள்ளது கைநழுவிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது, முறை வருவது தர வரிசையால்தானேயன்றிப் பட்டியலின் வரிசையால் அன்று. ஆகவே கிடைக்குமா என்பதை எண்ணி வரிசையை மாற்றாமல், எது உண்மையில் மேலானதோ அதனையே மேலே எழுதுக.

தீங்கு விளைவது பட்டியல் குறுகியதாக இருக்கும்போதுதான். பெயர் பெற்ற பத்துக் கல்லூரிகளை மட்டும் எழுதி நிறுத்தினால், அப்பத்தும் நிரம்பிய பின் அம்மாணவருக்கு எதுவும் கிடையாது. அடுத்த சுற்றில் மீண்டும் எழுதலாம் எனினும், அதற்குள் நல்ல இடங்கள் பல போய்விடும். அந்நிலையில்தான் குடும்பம் பதறி, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கடன் வாங்க ஓடுகிறது. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதி இருக்கையில், சிக்கனம் காட்ட இது இடமன்று.

தேர்ந்தெடுக்கும் வகை

கைகொடுக்கும் கல்லூரிக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு.

முதலாவது, இடம் கிடைக்கும் என்ற உறுதி. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு வகுப்புப் பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் நிலை வெளியிடப்படுகிறது. அதில் மதிப்பெண்ணைக் காட்டிலும் தர வரிசை எண்ணையே ஒப்பிடுவது நலம். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் உயரும். சென்ற ஆண்டு 159-க்குக் கிடைத்த இடம் இவ்வாண்டு அதே மதிப்பெண்ணுக்குக் கிடையாமற் போகலாம். இரண்டு மூன்று ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து, நம் பிள்ளையின் எண்ணுக்கு வெகுவாகப் பின்தங்கியவர்களும் இடம் பெற்ற கல்லூரிகள் சிலவற்றையேனும் பட்டியலின் அடியில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, செலவு தாங்கும் என்ற உறுதி. கல்விக் கட்டணம் செலவின் ஒரு பகுதியே. விடுதி, பேருந்து, தேர்வு, புத்தகம் ஆகியவற்றையும் கூட்டி, நான்கு ஆண்டுகளுக்கும் கணக்கெழுதிப் பார்க்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குரிய கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளர முறையில் சேர்வோருக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் அதனை இழப்பர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோருக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்விக்கும் விரித்தது. இவற்றுக்குரிய சான்றிதழ்களை முன்னதாகவே வாங்கி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மனம் ஒப்பிப் படிக்கும் இடமாக இருத்தல். கிடைக்கும் என்பதற்காக மட்டும் எழுதிய கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டில் விட்டுவருவதைவிடப் பெரிய நட்டம் இல்லை. ஆய்வுக்கூடம் உண்டா, ஆசிரியர் நிலைத்திருக்கின்றனரா, மாணவர் தேர்ச்சி எவ்வாறு என்று நேரிற் சென்று விசாரித்து, மாணவரின் இசைவுடன் எழுதுக.

ஒதுக்கீட்டுக்குப் பின்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிடில் இடம் பறிபோகும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேல் உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலுள்ளது கிடைத்துவிட்டால் முன்னது நீங்கிவிடும். ஆகவே வரிசை எழுதும்போதே, இதனினும் அது மேலா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டு எழுதுதல் நலம்.

பட்டியலுக்கு வெளியே

பொறியியல் ஒன்றே கல்வியன்று. வேளாண் பல்கலைக்கழகத்திற்கும் அரசு கலை அறிவியற் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. பலதொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர் பின்னர்ப் பொறியியற் பட்ட வகுப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய இடமாகும். இவற்றின் கடைசி நாட்கள் வேறுவேறாதலால், பொறியியல் முடிவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பாவு ஓடுமுன் இழை எண்ணுவது நெசவாளர் அறிந்த நெறி; விதைக்குமுன் நீர்க்கணக்குப் பார்ப்பது உழவர் அறிந்த நெறி. அதே கவனத்துடன் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மாலைப்பொழுது சேர்ந்தமர்ந்து இப்பட்டியலை எழுதுவார்களாயின், பிள்ளையின் படிப்பும் நிலைக்கும். வீட்டின் தறியும் நிலமும் அடகுக்குப் போகாமல் நிற்கும்.