சுவருக்குள் மறையும் செலவு

மோகனூரில் புதிதாக எழும் எந்த வீட்டின் அருகில் நின்றாலும், ஒரு கட்டத்தில் ஒரே விதமான ஓசையைக் கேட்கலாம். கொத்தனார் சுவரெழுப்பிச் சென்ற சில நாள்களில், அதே சுவரை இயந்திரத்தால் அறுக்கும் ஓசை அது. மின்கம்பிக்கு ஒரு காடி, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு காடி, குளிர்சாதனப் பெட்டியின் நீர் வெளியேற இன்னொரு காடி. கட்டியதை உடைப்பதும், உடைத்ததைப் பூசுவதும், பூசியதை மறுபடியும் உடைப்பதும் நம் ஊர்களில் ஒரு குறையாகவே கருதப்படுவதில்லை. வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

ஒரு வீட்டில் இது சில ஆயிரம் ரூபாய் இழப்பு. ஒரு மருத்துவமனையில் அல்லது கல்லூரியில் இது பொதுப்பணம். சில வேளைகளில் உயிர்ப் பாதுகாப்பும்கூட.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்விக்கூடத்தின் கட்டடக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். இரண்டாம் தளத்தில் அமைந்த ஆய்வகத்தின் கழிவுநீர்க் குழாய் செல்லவேண்டிய வழியில் ஒரு கான்கிரீட் உத்தரம் நின்றது. கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில் குழாய் இல்லை. குழாய் வரைபடத்தில் உத்தரம் இல்லை. தனித்தனியே இரண்டும் சரியான வரைபடங்களே. உத்தரத்தைத் துளைக்கப் பொறியாளர் சம்மதிக்கவில்லை. இறுதியில் குழாய் சுற்றுவழியில் வெளிச்சுவருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த மழைக்காலத்திலிருந்தே அந்த மூலை கசியத் தொடங்கியது. அந்தக் கூடுதல் செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டபோது கிடைத்த விடை: 'எதிர்பாராச் செலவினம்'. முன்கூட்டியே எளிதில் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு நாங்கள் இட்ட பெயர் அது.

அந்த மோதலைக் கான்கிரீட்டில் சந்திப்பதற்கு முன் கணினித் திரையிலேயே சந்திக்க வைப்பதுதான், கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் இயந்திர, மின், குழாய் அமைப்புகளை மாதிரியாக உருவாக்கும் தொழில்நுட்பம். துறையினர் இவ்வமைப்புகளைச் சுருக்கமாக 'எம்.இ.பி.' என்பர். குளிரூட்டல், காற்றோட்டம், மின்வழங்கல், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

பழைய வரைபடத்தில் குழாய் என்பது இரண்டு இணைகோடுகள் மட்டுமே. ரெவிட் போன்ற மென்பொருளில் உருவாக்கப்படும் மாதிரியில் அது ஒரு பொருள். தன் விட்டம் என்ன, எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு சரிவில் செல்கிறது, எதனோடு இணைந்துள்ளது என்ற விவரங்கள் அனைத்தும் அதனுடன் சேர்ந்தே இருக்கும். கைகழுவும் தொட்டியை ஓரடி நகர்த்தினால், தரைப்படம், வெட்டுத்தோற்றம், பொருள் பட்டியல் அனைத்தும் சேர்ந்து மாறும். எத்தனை மீட்டர் குழாய், எத்தனை வால்வு, எத்தனை மின்விளக்கு என்ற கணக்கும் மாதிரியிலிருந்தே கிடைக்கும்.

இதற்கடுத்த படிதான் மோதல் சோதனை. கட்டமைப்பு, குளிரூட்டல், மின்சாரம், குழாய் என ஒவ்வொரு துறையும் உருவாக்கிய மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எங்கெல்லாம் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தைக் கேட்கின்றன என்று மென்பொருள் பட்டியலிடும். குழாய் உத்தரத்தை ஊடுருவுவது நேரடி மோதல். இடைவெளி மோதல் என்றும் ஒன்று உண்டு: வால்வைத் திருகக் கை நுழைய இடமில்லாதிருப்பது, மின் பலகையின் முன் விதிகள் கோரும் ஒரு மீட்டர் வெற்றிடத்தை வேறொன்று அடைத்துக்கொள்வது. பொருள்கள் தொட்டுக்கொள்ளாவிட்டாலும் இவையும் பிழைகளே.

யார் யாருக்கு வழிவிடுவது? இதற்கு ஓர் எளிய நியதி உண்டு. கழிவுநீர் தன் எடையால் ஓடுவது. ஆகவே அதற்கே முதலிடம். அறுபதுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு குழாய் 12 மீட்டர் சென்றால், கடைசியில் அது 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இந்த 20 சென்டிமீட்டரை யாரும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. அடுத்து, அளவில் பெரிய காற்றுக் குழாய்களுக்கு இடம். அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் ஓரளவு வளைந்து கொடுக்கும். மின்கம்பிகள் இன்னும் எளிதில் விலகிச் செல்லும். கட்டடத்திலோ நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: யார் முதலில் வேலைக்கு வருகிறாரோ, அவருக்கே இடம்.

மருத்துவமனையை எடுத்துக்கொண்டால் இதன் அளவு விளங்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் தண்ணீர் கணக்கிடப்பட வேண்டும். 500 படுக்கைகள் எனில், நாளொன்றுக்கு 2,25,000 லிட்டர். அவ்வளவு நீரும் மேலேற வேண்டும்; அதன் பெரும்பகுதி கழிவாகக் கீழிறங்கவும் வேண்டும். இவற்றோடு தீயணைப்புக் குழாய்கள், அறுவை அரங்கின் காற்றுக் குழாய்கள், 2021-இல் நாம் அனைவரும் அறிந்துகொண்ட ஆக்சிஜன் குழாய்கள் ஆகியவையும் அதே கூரையடி இடைவெளியில் செல்ல வேண்டும்.

குழாய் அமைப்பு வெறும் வசதி சார்ந்ததன்று என்பதை 2003-இல் ஹாங்காங் உணர்த்தியது. அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் தொற்றியது. நீர் வற்றிய தரை வடிகால்களின் வளைகுழாய்கள் வழியே கழிவுக் குழாயின் காற்று வீடுகளுக்குள் புகுந்ததே முக்கியக் காரணங்களுள் ஒன்று என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இந்தச் சிந்தனை புதிதன்று. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன், கட்டடத்தைக் கோடுகளாக அல்லாமல் விவரங்களின் தொகுப்பாகக் கணினியில் வைக்கும் முறையை 1970-களிலேயே முன்வைத்தார். ரெவிட்டை உருவாக்கிய நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டது. 2002-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. ஆனால், மென்பொருளை வாங்கினால் மட்டும் போதாது. அனைவரும் ஒரே மாதிரியைப் பகிர வேண்டும். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானமே இதற்குச் சான்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலை வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்ஸின் துலூஸ் ஆலை புதிய பதிப்பையும் பயன்படுத்தின. 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மின்கம்பி செல்லும் அந்த விமானத்தில், பொருத்தும் வேளையில் கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. விமானம் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாமதமானது.

இவ்வளவு பயனுள்ள ஒன்று நம்மிடையே ஏன் இயல்பாகப் பரவவில்லை? இங்குதான் பொருளாதாரம் நுழைகிறது. பழைய கார்ச் சந்தையைக் கொண்டு ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் விளக்கிய 'தகவல் சமச்சீரின்மை' என்னும் கருத்து நம் சுவர்களுக்கும் பொருந்தும். பூச்சுக்குப் பின்னால் உள்ள குழாயின் தரத்தைக் கட்டியவர் அறிவார், வாங்குபவர் அறியார். கண்ணுக்குத் தெரியாத தரத்துக்குக் கூடுதல் விலை தர யாரும் முன்வருவதில்லை. விலை கிடைக்காத தரத்தை யாரும் செய்வதுமில்லை. தரைக்கல்லுக்குத் தாராளமாகச் செலவிடும் நாம், கழிவுக் குழாயில் சிக்கனம் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், பிழையின் செலவு பிழை செய்தவரைச் சேராதது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுமானத் துறையில் மென்பொருள்களிடையே தகவல் பரிமாற்றம் சரியாக நிகழாததால் 2002-ஆம் ஆண்டில் மட்டும் 1,580 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் கட்டடங்களின் உரிமையாளர்களும் அவற்றை இயக்குவோருமே. வடிவமைப்பாளர் தன் கட்டணத்தைப் பெற்றுச் சென்றுவிடுகிறார். ஒப்பந்ததாரர் பட்டியல் முடிந்து சென்றுவிடுகிறார். கசியும் சுவருடன் வாழ்பவர் உரிமையாளர்தான். அரசுக் கட்டடத்தின் உரிமையாளர் வரி செலுத்தும் குடிமகன்.

மூன்றாவது, ஒப்பந்த முறை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 குறைந்த விலையை முதன்மையாக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு. முறைகேட்டைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால், வரைபடம் முழுமையடையாத நிலையில் கோரப்படும் குறைந்த விலை உண்மையான விலையாகாது. விடுபட்டவை பின்னர் 'கூடுதல் பணி'களாகத் திரும்பி வரும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குறிப்பிட்ட வகைப் பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் அளிக்க இடம் தந்தன. கட்டுமானத் தகவல் மாதிரியை அந்தத் தரத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக்கலாம்.

பிற நாடுகள் இதைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. சிங்கப்பூர், 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு அனுமதி கோருவோர் இத்தகைய மாதிரியைச் சமர்ப்பிப்பதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன், 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் துறைகளின் பணிகளுக்கு இதை நிபந்தனையாக்கியது. இந்தியாவில் நாகபுரி மெட்ரோ ரயில் திட்டம், மாதிரியோடு காலத்தையும் செலவையும் இணைத்துச் செயல்பட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 கட்டடச் சேவைகளுக்கும் குழாய்ப் பணிகளுக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியுள்ளது. விதிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

ஆள்களுக்கும் பஞ்சமில்லை என்பதுதான் வியப்பு. என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகன் சென்னையில் இருந்தபடி வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றின் குழாய் அமைப்பை மாதிரியாக்குகிறார். சென்னையிலும் கோவையிலும் அவரைப் போன்ற இளம் பொறியாளர்கள் பலர் அமெரிக்க, ஆஸ்திரேலியக் கட்டடங்களுக்காக இவ்வேலையைச் செய்கின்றனர். மோகனூரில் அவர் கட்டிய சொந்த வீட்டின் குழாய் வரைபடம் எங்கே என்று கேட்டேன். 'பிளம்பர் மனசுலதான் சார் இருக்கு' என்று சிரித்தார். உழைப்பை ஏற்றுமதி செய்துவிட்டு, அதன் பயனை உள்ளூரில் துய்க்காத பொருளாதாரத்துக்கு இதைவிடச் சிறிய உதாரணம் தேவையில்லை.

மென்பொருள் ஒரு மந்திரக்கோல் என்று கூறவும் நான் தயாராக இல்லை. உரிமக் கட்டணம் சிறு நிறுவனங்களுக்குப் பெரும் சுமை. கட்டடம் முடிந்தபின் கோப்புக்காக மாதிரி தயாரிக்கும் சடங்காகவும் இது சீரழியக்கூடும். திரையில் சரியான சரிவில் செல்லும் குழாய், களத்தில் தாங்கி சரியாகப் பொருத்தப்படாவிட்டால் தொய்ந்துவிடும். முப்பதாண்டு அனுபவமுள்ள குழாய்ப் பணியாளர் மாதிரியைக் கண்டதும் 'இங்கே கை போகாது' என்று சொல்வது, மென்பொருள் தரும் நூறு எச்சரிக்கைகளைவிட மதிப்புள்ளது. அவரை வடிவமைப்பு மேசைக்கு அழைத்துவராத மாதிரி அரைகுறையானது.

ஆயினும், அரசு தொடங்கவேண்டிய இடம் தெளிவு. 2022 ஜனவரி 12 அன்று நாமக்கல் உள்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ.4,000 கோடி. ஒரே வகைக் கட்டடங்களைப் பல மாவட்டங்களில் கட்டும் அரசுக்கு மாதிரியின் பயன் பன்மடங்காகும். ஒரு பிழையைத் திரையில் ஒருமுறை திருத்தினால், அது அத்தனை ஊர்களிலும் திருத்தப்பட்டதாகும்.

எனவே, இனிவரும் பெரிய அரசுக் கட்டடங்களுக்கு மூன்று நிபந்தனைகள் போதும். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே அனைத்துத் துறைகளின் மாதிரிகளும் ஒருங்கிணைக்கப்பட்டு மோதல்கள் களையப்பட வேண்டும். கட்டி முடித்தபின் உள்ளபடியான மாதிரி, எந்த மென்பொருளாலும் திறக்கக்கூடிய ஐ.எஃப்.சி. என்னும் பொதுவடிவில் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பராமரிப்புப் பிரிவில் அதைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இப்பயிற்சியைத் தந்தால், மூன்றாவது நிபந்தனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

வீடு கட்டுவோர் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கூரைக்குக் கான்கிரீட் இடுவதற்கு முன், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரையும் ஒரே நாளில் ஒரே வரைபடத்தின் முன் அமர்த்துங்கள். குழாய் செல்லும் இடங்களில் முன்கூட்டியே துளைக்கு வழி விடுங்கள். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியின் சாரம் இதுதான்: மறையப்போவதை மறைவதற்கு முன் பார்த்துவிடுவது.

எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையைச் சுற்றிப் பார்த்த எவரும் அங்கே நீராவிக் குழாய்களும் சாற்றுக் குழாய்களும் வெளிப்படையாகச் செல்வதைக் கண்டிருப்பர். பழுது எங்கே என்று தெரிந்தால்தான் ஆலை ஓடும். மருத்துவமனையில் அழகுக்காகவும் தூய்மைக்காகவும் குழாய்களை மறைக்கிறோம், அது தேவையே. மறைத்தது எங்கே என்ற அறிவையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம் என்பதே சிக்கல். அந்த அறிவைப் பொதுச்சொத்தாகப் பாதுகாப்பது, கட்டடத்தைக் கட்டுவதைப் போன்றே அரசின் கடமை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).