பழைய மோட்டார் வண்டியின் உட்புறத்தைச் சீர்செய்தல்

மோட்டார் வண்டியின் முதுமை எஞ்சினில் தெரிவதற்கு முன்னரே உட்புறத்தில் தெரிந்துவிடுகிறது. தேய்ந்த இரும்பு உறுப்புக்கு மாற்று உறுப்பைக் கடைந்து பொருத்தலாம். ஆசனத்தின் தோல், அதனுள் திணித்த குதிரைமயிர், கம்பளி விரிப்பு, மரப்பலகை ஆகியனவோ விலங்கினின்றும் மரத்தினின்றும் பெறப்பட்டவை. சிதைந்தபின் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தனிவகையாகப் பதிவு செய்வதற்கு 2021ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அதன்பின் இவ்வேலையில் ஆர்வம் கொண்டோர் பலர். எனினும் ஆசனத்தைப் பிரித்துப் புதிதாகத் தைத்துவிடுவதையே சீர்செய்தல் எனப் பலரும் கருதுகின்றனர். அது புதுப்பித்தலேயன்றிச் சீர்செய்தல் ஆகாது.

எப்பொருளாயினும் அது இன்னதென்று அறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். நம் நாட்டில் செயற்கைத் தோல் அனைத்தையும் ரெக்ஸின் என்று வழங்குகிறோம். உண்மையில் ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு சரக்கின் வணிகப் பெயர். பருத்தித் துணியின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் கலவையைப் பூசித் தோலின் வரிகளை அச்சிட்டது. பின்னர் வந்தது பி.வி.சி. பூச்சு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் இயல்பில் வேறானவை. முன்னது எளிதில் தீப்பற்றும். நாட்பட நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை வெளியிட்டுத் தன் அடித்துணியைத் தானே அரிக்கும்.

ஆசிரியர்கள் இதை ஒரு சோதனையாகவே காட்டலாம். ஆசனத்தின் அடிமடிப்பிலிருந்து கடுகளவு துணுக்கைக் கத்தரித்து, வண்டிக்கு வெகு தொலைவில், காற்றோட்டமான இடத்தில், இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுக. சட்டெனப் பற்றி எரிந்தால் நைட்ரோ செல்லுலோஸ் என்று கொள்ளலாம். பழுக்கக் காய்ச்சிய செப்புக் கம்பியில் துணுக்கைத் தொட்டுச் சுடரில் பிடிக்கையில் பச்சை நிறம் தோன்றினால் அதில் குளோரின் உண்டு, எனவே பி.வி.சி. ஆகலாம். கம்பளி இழை மயிர் கருகும் நாற்றம் தரும். பருத்தி காகிதம்போல் எரியும். புகையை முகரலாகாது, நாற்றம் தானே வந்து சேரும்.

பி.வி.சி. காலப்போக்கில் விறைப்பதற்குக் காரணம், அதனை நெகிழ்விக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறுவதே. வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடியில் உட்புறமாகப் படியும் பிசுபிசுப்பில் பெரும்பங்கு அதுதான். வெளியேறியதை மீண்டும் உள்ளே புகுத்தும் முறை இல்லை. வெயிலைத் தடுப்பதே நாம் செய்யக்கூடியது. 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசடர் வண்டிகளில் அதிகாரிகளின் ஆசனத்தின்மேல் விரித்த வெண்ணிறத் துவாலை, மரியாதைச் சின்னமாகக் கருதப்பட்டாலும், வியர்வையையும் வெயிலையும் ஓரளவு தாங்கியது!

தோலின் நிலை வேறு. தாவரச் சாறுகளால் பதனிட்ட பழந்தோல் காற்றிலுள்ள கந்தக டை ஆக்ஸைடை ஈர்த்து, அமிலம் மிகுந்து, செந்தூளாக உதிரத் தொடங்கும். இந்நிலையில் எண்ணெய் தேய்த்தல் பெருந்தவறு. எண்ணெய் தோலைக் கறுப்பாக்கும். தூசியையும் பூஞ்சணத்தையும் சேர்க்கும். சிதைந்த நார்களை ஒட்டவைக்கும் ஆற்றல் அதற்கில்லை. வெந்நீரும் ஆகாது. நல்ல நிலையிலுள்ள தாவரப் பதனத் தோல் நீரில் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில்தான் சுருங்கும். சிதைந்த தோலோ அதனினும் மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். மென்மையான தூரிகையால் தூசி அகற்றி, பிழிந்த ஈரத் துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்து, நிறம் கரையவில்லையெனில் மேற்செல்லலாம். கிழிசலுக்கு அடியில் மெல்லிய துணியை வைத்து ஒட்டுதல் மேலிருந்து தைப்பதினும் நன்று. பழந்தோலில் ஊசித் துளைகள் வரிசையாக அமைந்தால் அவ்வரிசையிலேயே தோல் கிழியும். சென்னையில் 1948இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நாட்டின் முதன்மை ஆய்வகமாகும்.

மரப்பலகைமேல் ஒட்டிய மெல்லேடு பெயர்ந்திருந்தால், பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதனைப் பிடித்திருந்தது விலங்கு வச்சிரமே. மிதமான சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். ஆகையால் மீண்டும் வச்சிரத்தையே இடுவது, பின்னால் வருபவர் பிரித்துப் பார்ப்பதற்கு வழிவிடும். எபாக்ஸிப் பசை அவ்வழியை அடைத்துவிடுகிறது.

இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. பழைய வண்டிகள் சிலவற்றின் வேகமானி, கடிகாரம் ஆகியவற்றின் எழுத்துக்கள் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருந்தது. இன்று அவை ஒளிராமையால் தீங்கற்றவை என எண்ணற்க. ஒளிரும் பொருளாகிய துத்தநாக சல்பைடுதான் சிதைந்துவிட்டது; ரேடியம்-226இன் அரை ஆயுளோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கண்ணாடியைத் திறந்து எழுத்தைச் சுரண்டினால் அத்தூள் மூச்சுடன் உடலுட் சென்று எலும்பில் தங்கும். ஐயம் உள்ள மானியைத் திறவாமல், கதிர்வீச்சு அளக்கும் கருவியால் முதலில் சோதித்தல் வேண்டும். 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு விற்கப்பட்ட கருவியொன்றில் இருந்த கோபால்ட்-60 ஒருவர் உயிரைப் பறித்தது. அதன் வலிமையோடு ஒப்பிட்டால் ஒரு மானியின் ரேடியம் மிகச் சிறிதே. ஆயினும் கழற்றிய மானியைப் பழைய இரும்புக்காரரிடம் தருவதும் பள்ளிக் காட்சிப் பெட்டியில் வைப்பதும் கூடா. உறையிட்டுத் தனியே வைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அறிவுரையைப் பெறுக.