பெரியம்மாவோடு மதுரைக்கு ஒரு நாள்

“நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்.”

நம் இல்லங்களில் முதியவர்கள் அடிக்கடி கூறும் சொல் இது. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு நாமும் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னே இருப்பது பெரும்பாலும் விருப்பமின்மை அன்று, அச்சமே. படி ஏற முடியுமா, வழியில் ஒதுங்குவதற்கு இடம் கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்னும் அச்சம். இதை நான் அறிந்துகொண்டது சென்ற ஆண்டில், அதுவும் ஒரு தவறு செய்த பிறகுதான்.

எங்கள் சமயநல்லூரிலிருந்து மதுரை நகரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பரவை, விளாங்குடி, பாத்திமா கல்லூரி என்று கடந்து போனால் சிறிது நேரத்தில் நகருக்குள் இருக்கலாம். இளையவர்களுக்கு அது ஒரு பயணமே அல்ல. எழுபத்து நான்கு வயதான என் அம்மாவுக்கும், திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அவருடைய அக்காவுக்கும் அது மூன்று ஆண்டுகளாகக் கைக்கெட்டாத தூரம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பெரியம்மாவுக்கு அதோடு சர்க்கரையும் உண்டு. கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். ஒரே நாளில் கோரிப்பாளையம், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், விளக்குத்தூணில் துணிக்கடை, கடைசியில் ஜிகர்தண்டா. இதுதான் எங்கள் திட்டம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியம்மா ஒரு கடைவாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விசாரித்தபோதுதான் தெரிந்தது, காலையிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தவில்லை. “தண்ணி குடிச்சா போகணும்னு வரும். இந்த ஊர்ல நான் எங்க போவேன், சொல்லு” என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் திட்டத்தில் ஐந்து இடங்கள் இருந்தன, ஒரு கழிப்பறை இல்லை.

நம் பெண்மக்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். வெயிலில் தண்ணீரின்றி இருந்தால் தலைசுற்றல் வரும், இரத்த அழுத்தம் தாழும். சிறுநீரை அடக்கிக்கொண்டே இருப்பது நோய்த்தொற்றுக்கு வழி வகுக்கும். இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் சிலர், பயண நாளில் அதைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. அது ஆபத்து. அன்று எந்த நேரத்தில் அதைப் போடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வதுதான் முறை.

இரண்டாம் முறை புறப்படுவதற்கு முன், செய்ய வேண்டியதை முதலில் செய்தோம். எங்கே போக வேண்டும் என்று அவர்களையே கேட்டோம். கேட்டபின் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. மகாலும் வேண்டாம், அருங்காட்சியகமும் வேண்டாமாம். அம்மாவுக்குக் கோரிப்பாளையம் போக வேண்டும். பெரியம்மாவுக்கோ புதுமண்டபம். அவருடைய கல்யாணச் சட்டையை அங்கிருந்த தையல்காரர் ஒருவர்தாம் தைத்துக் கொடுத்தாராம். புதுமண்டபக் கடைகள் இப்போது அங்கில்லை, குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன என்று சொன்னேன். “மண்டபம் இருக்குதில்ல? அதைப் பாத்தாப் போதும்” என்றார். ஐந்து இடம் இரண்டாகச் சுருங்கியது.

அடுத்து, தம்பியை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி இடங்களைப் பார்த்து வரச் சொன்னோம். வீட்டிலிருந்து தெருமுனை வரை அம்மா இளைப்பாறாமல் நடக்கும் தூரத்தை முதலில் அளந்துகொண்டோம். அதுதான் எங்கள் அளவுகோல். வண்டி நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போக அதில் எத்தனை பங்கு, வழியில் எத்தனை படி, படிக்குக் கைப்பிடி உண்டா, உட்கார என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வந்தான். ‘சாய்தளம் இருக்கிறது’ என்று எவரேனும் சொன்னால் அதையும் கண்ணால் பார்ப்பது நல்லது. ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியைத் தள்ளுவது எளிது. நான்கடி நீளத்தில் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்பாரும் உண்டு. அது இரு சக்கர வண்டி ஏறுவதற்குப் போட்டது.

மதுரைத் தெருக்களின் அமைப்பையும் நினைவிற் கொள்ள வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று அமைந்திருக்கின்றன. உள்ளே போகப் போக வண்டிக்கு இடம் குறையும். சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. புதுமண்டபம் இருப்பதோ கிழக்குச் சித்திரை வீதியை ஒட்டி. ஆகவே ஆட்டோ போகும் வரை ஆட்டோ, மீதி வழிக்குச் சக்கர நாற்காலி என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் பெரிய சிக்கல் முளைத்தது. “நான் என்ன நோயாளியா? நாலு பேர் பாக்கத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கா என்னைக் கூப்பிடுறீங்க?” என்று பெரியம்மா திரும்பி உட்கார்ந்துகொண்டார். எங்களில் எவராலும் அவரை இணங்கவைக்க முடியவில்லை. அம்மாதான் பேசினார். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலக் குறைவைச் சொன்னபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஏறியே தவாஃப் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும், இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலாரே ஒட்டகத்தின் மீதமர்ந்து தவாஃப் செய்ததையும் நினைவூட்டினார். “நம்ம ஊர்லேர்ந்து ஹஜ்ஜுக்குப் போனவங்க எத்தனை பேர் நாற்காலியில உக்காந்து தவாஃப் செஞ்சாங்க? அங்க குறையாத மரியாதை இங்க குறைஞ்சிடுமா அக்கா?” என்றார். பெரியம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில், “அந்த நாற்காலிக்கு மெத்தை உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

மடக்கும் சக்கர நாற்காலியை விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நாள் வாடகைக்குத் தரும் மருத்துவப் பொருள் கடைகள் மதுரையில் உண்டு. எடுக்கும்போது நிறுத்துக்கட்டை பிடிக்கிறதா, கால்தாங்கி மடங்குகிறதா என்று பார்த்து எடுங்கள். கைத்தடியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பளிங்குத் தரையில் வழுக்குவதற்கு அந்தத் தேய்ந்த ரப்பரே போதும்.

பேருந்து ஆகாதா என்று கேட்பீர்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நம் குடும்பங்களுக்குப் பெரிய உதவிதான். ஆயினும் கட்டணம் கேட்காத பேருந்தின் முதற்படி முழங்காலிடம் கேட்டுவிடுகிறது. நடக்க முடிந்தவர்கள் கூட்டமில்லாத முற்பகலில், ஓட்டுநரிடம் சொல்லி நிதானமாக ஏறலாம். எங்கள் இருவருக்கும் வாடகைக் கார்தான் சரி என்று பட்டது. காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் பின்புறமாக அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு வழவழப்பான பையை விரித்துவிட்டால் திரும்புவது எளிது. வண்டி புறப்படுமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் திட்டத்தில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், அரை நாளுக்கு எடுத்த அறை என்பேன். ரயில் நிலையத்திற்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பகுதியில் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. மின்தூக்கி உள்ளதா, உட்கார்ந்து பயன்படுத்தும் மேல்நாட்டுக் கழிப்பறை உள்ளதா என்று மட்டும் பார்த்து ஓர் அறை எடுத்தோம். முழங்கால் மடங்காதவருக்கு மற்ற வகைக் கழிப்பறை இருந்தும் இல்லாதது போலத்தான். வீண் செலவு என்று என் கணவர் முதலில் முகம் சுளித்தார். ஆனால் ஒளூ செய்ய, லுஹர் தொழ, சோறு உண்ண, ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அறையே இடம் தந்தது. பள்ளிவாசல்களில் பெண்கள் தொழுவதற்கு இடமிருப்பது ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். இடமிருந்தாலும் ஹவுளின் ஈரப்படி முதியவர்களுக்கு ஏற்றதன்று. ஆண்களானால் ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத காஜிமார் பெரிய பள்ளிவாசலுக்குப் போகலாம். அங்கும் நாற்காலியில் அமர்ந்து தொழ வேண்டியவர் கூட்டம் சேருமுன் போய்விடுவது நலம்.

சர்க்கரை நோயுள்ளவருக்கு நேரமே மருந்து. மாத்திரையைப் போட்டுவிட்டு உணவு தாமதமானால் வியர்வையும் நடுக்கமும் வந்து மயங்கிவிழக்கூடும். கைப்பையில் ரொட்டியும் சிறிது சர்க்கரையும் இருக்கட்டும். உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவருடைய பையிலேயே வைத்துவிடுங்கள். நம் கைப்பேசியில் இருந்தால் போதாது, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அது நம்மிடம் அல்லவா இருக்கும்?

மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் நூறு பாரன்ஹீட் பாகையைத் தாண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் வண்டி நகராது. கோரிப்பாளையத்தில் வெள்ளிக்கிழமையும் சந்தனக்கூடு காலமும் கூட்டம் மிகும். அண்மை ஆண்டுகளில் மேம்பாலப் பணிகளுக்காக அங்கே வழியை மாற்றிவிடுவதும் நேர்ந்திருப்பதால், ஓட்டுநரிடம் முந்தின நாளே கேட்டுக்கொண்டோம்.

காலை எட்டு மணிக்கெல்லாம் தர்கா வாசலில் இருந்தோம். ஜியாரத் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை விவாதிக்க இது இடமன்று. முதியவர்களோடு செல்வோருக்கு ஒரு குறிப்பை மட்டும் சொல்கிறேன். எந்தத் தலமாயினும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறோம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு நண்பகலில் கல் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே காலையிலேயே செல்லுங்கள், தடித்த காலுறை அணிவியுங்கள். அம்மா ஒரு தூணருகில் அமர்ந்து நெடுநேரம் துஆ கேட்டார். நாங்கள் எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திருப்பரங்குன்றத்து சிக்கந்தர் தர்காவையும் பார்த்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். மலை ஏறிப் போக வேண்டிய இடத்தை இவர்களிடம் சொல்லாமலிருப்பதே கருணை.

பிறகு 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக வைகையைக் கடந்து தென்கரைக்கு வந்து, அறையில் ஓய்வெடுத்தோம். நான்கு மணிக்குப் புதுமண்டபம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பெரியம்மா வெளியிலிருந்து அந்தக் கல்தூண்களைப் பார்த்தார். எந்தத் தூணருகே தையல் இயந்திரம் இருந்தது, அளவெடுக்கும்போது அவருடைய மாமியார் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்றெல்லாம் சொன்னார். அந்த மாமியாரைப் பற்றி அவர் சொன்ன மற்றவற்றை இங்கே எழுத இயலாது. குன்னத்தூர் சத்திரத்தில் கீழ்த்தளக் கடைகளோடு நிறுத்திக்கொண்டோம். பேத்திக்கு ஒரு சுங்குடித் துணி வாங்கினார். ஜிகர்தண்டாவை இருவருக்கும் ஒரு குவளையாக வாங்கி ஆளுக்கு மூன்று கரண்டி கொடுத்தோம். அதில் நான்காவது கரண்டியைப் பெரியம்மா எப்படியோ எடுத்துக்கொண்டார்.

மக்ரிபுக்கு வீடு வந்து சேர்ந்தோம். பரவையைத் தாண்டும்போதே பெரியம்மா அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்க் கண்ணைக் காட்ட வேண்டுமாம். 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் என்று தம்பி சொன்னான். அதைப் பெரியம்மா கவனமாகக் கேட்டார். மருத்துவமனைகளில் மூத்தோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது என்பதையும் அவரிடம் சொல்லிவைத்தேன்.

“தை பொறந்து போவோம், இன்ஷா அல்லாஹ். அந்த நாற்காலியையே சொல்லி வை. வேற எதுவும் எனக்குச் சரிப்படாது” என்றவர், என் மடியிலிருந்த தண்ணீர்ப் புட்டியை வாங்கிப் பாதிக்கு மேல் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.