மினுக்கும் புள்ளியும் ஒரு ஸ்டாப்வாட்சும்

சிங்கப்பூரில் அண்ணாந்து பார்த்தால் விண்மீன்களைவிடத் தெருவிளக்குகள்தான் அதிகம் தெரியும். ஆனால் அனைத்துலக விண்வெளி நிலையத்தை மறைக்க அந்த விளக்குகளாலும் முடியாது. வீவக புளோக்கின் மேல்மாடி நடைவழியில் நின்றாலே அதைப் பார்க்கலாம்.

துணைக்கோளங்களுக்குச் சொந்த ஒளி கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடிக்கிறது. அது பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்த சுமார் 80 நிமிடங்களில் நம் தலைக்கு மேலுள்ள அந்த உயரமும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். எனவே இரவு 7.30 முதல் 8.15 வரை நல்ல நேரம். விடியலுக்கு முன்பும் இப்படியொரு வாய்ப்பு உண்டு, எழுந்திருக்க முடிந்தால்!

ஒளி மாறும் விதம்தான் சுவாரசியம். சீராக நகரும் புள்ளி பெரும்பாலும் கட்டுப்பாட்டில் உள்ள துணைக்கோளம். சில விநாடிகளுக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால், அது வேலை முடிந்து குட்டிக்கரணம் அடிக்கும் ராக்கெட்டின் காலிக் கூடாக இருக்கலாம். அந்த இடைவெளியை அளக்கக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். ஒன்றை மட்டும் அளந்தால் விரலின் தாமதம் கணக்கைக் கெடுக்கும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் பிழை வெகுவாகக் குறையும். பூமியின் காந்தப்புலத்தில் சுழலும் உலோகக் கூட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை மெல்லத் தணிக்கிறது. பல கூடுகளின் இடைவெளி காலப்போக்கில் நீள்வது அதனால்தான். இயற்பியல் பாடத்தில் படித்த அதே சங்கதி.

ஒளியின் அளவைக் கணிக்க, அருகில் தெரியும் விண்மீன்களோடு ஒப்பிடுவார்கள். 2022 செப்டம்பரில் ஏவப்பட்ட புளூவாக்கர் 3, தன் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்த பிறகு, உச்ச ஒளியில் புரோசியான் விண்மீனுக்கு ஈடாக மின்னியது. 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில் வானியலாளர்களோடு பொழுதுபோக்கு ஆர்வலர்களும் பங்கேற்றனர். இத்தகைய துணைக்கோளங்கள் பெருகினால் தொலைநோக்கிப் படங்களில் கோடுகள் விழும். ‘ஒளியைக் குறைத்துவிட்டோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், வெளியே நின்று சரிபார்க்க ஆள் வேண்டுமே!

ஹெவன்ஸ்-அபவ் இணையத்தளத்தில் நம் இடத்தைக் குறிப்பிட்டால், எது, எப்போது, எந்தத் திசையில் வரும் எனத் தெரிந்துவிடும். மேகம் மறைத்தால் விண்வெளி நிலையம் 90 நிமிடங்களில் மறுசுற்று முடித்துவிடும்தான். ஆனால் அதற்குள் அது நிழலுக்குள் போயிருக்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.