பழைய காருக்கு ஏற்ற டயர் எது?

நமது தோட்டப்புறங்களில் தந்தையார் காலத்துக் காரை விற்க மனமின்றிப் பேணிக் காத்து வரும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய கார்களுள் ஒன்று ஜெர்மனி நாட்டு வோல்க்ஸ்வேகன் ‘பீட்டில்’ ஆகும். 2003-ஆம் ஆண்டில் மெக்சிகோவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்குரிய டயர் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆகவே, “ரிம் 15 அங்குலம்தானே? இந்த 15 அங்குல டயரே போதும்” என்னும் சொல்லை நம்பிக் கையில் கிடைத்ததை மாட்டிக்கொள்வோர் பலர். ரிம்மில் ஏறும் டயரெல்லாம் காருக்கு ஏற்ற டயர் ஆகிவிடாது. மழை நாளில் வளைவான சாலையில் குடும்பத்துடன் செல்லும்போது நம் உயிரைத் தாங்கி நிற்பவை அந்த நான்கு டயர்களே. எனவே, பீட்டில் காரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

எண்கள் கூறுவது என்ன?

1952-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பீட்டில் கார்கள் 15 அங்குலச் சக்கரங்களுடன் வந்தன. அவற்றிற்குரிய பழைய டயரின் அளவு 5.60–15. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. இது ‘கிராஸ்பிளை’ வகை டயராகும். அதன் உள்ளிருக்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காகச் செல்லும்.

பின்னர் வந்தது ‘ரேடியல்’ டயர். இதில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு நேராகச் செல்லும். தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். கிராஸ்பிளையைவிட ரேடியலில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். மரத்திலிருந்து கிடைக்கும் பாலுக்கு வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும், உருவாக்கும்போது கிழியாமல் ஒட்டி நிற்கும் தன்மையும் இருப்பதே அதற்குக் காரணம்.

5.60–15-க்கு ஈடான ரேடியல் 165 ஆர் 15 ஆகும். இதில் 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். வேறு எண் எதுவும் குறிக்கப்படாவிடில், டயரின் பக்க உயரம் அகலத்தில் ஏறத்தாழ 82 விழுக்காடு என்று கொள்ள வேண்டும்.

உயரத்தைக் கணக்கிடுவோம்

165-இல் 82 விழுக்காடு சுமார் 135 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 270. ரிம்மின் 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். ஆக, டயரின் முழு உயரம் சுமார் 651 மில்லிமீட்டர்.

கடைக்காரர் 165/65 ஆர் 15 டயரைத் தருகிறார் என்று கொள்வோம். அகலமும் ரிம்மும் ஒன்றே. ஆனால் பக்க உயரம் 65 விழுக்காடுதான். கணக்கிட்டால் முழு உயரம் சுமார் 595 மில்லிமீட்டரே வரும். கார் 28 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும்; மேடுபள்ளமான தோட்டச் சாலையில் அடிப்பாகம் இடிபடும். சக்கரம் சிறிதாவதால் ஒரே தூரத்திற்கு அது அதிக முறை சுழல வேண்டும். இயந்திரமும் கூடுதலாக உழைக்கும். வேகமானி 100 என்று காட்டும்போது உண்மை வேகம் சுமார் 91-தான் இருக்கும்.

165/80 ஆர் 15 டயரின் உயரமோ 645 மில்லிமீட்டர். வேறுபாடு 1 விழுக்காடு அளவே. ஆதலால் இதனைத் தயக்கமின்றி ஏற்கலாம்.

அகன்ற டயர் நல்லதா?

“அகலமானால் பிடிப்பு அதிகம்” என்று சிலர் கூறுவர். பழைய பீட்டில் சக்கரத்தின் துருவைத் துடைத்துப் பார்த்தால் ‘4 ஜே × 15’ என்ற குறியைக் காணலாம். ரிம்மின் அகலம் 4 அங்குலமே என்பது அதன் பொருள். பின்னாளில் வந்தவை சில 4½ அங்குலம். இன்று எங்கும் கிடைக்கும் 195/65 ஆர் 15 டயருக்குக் குறைந்தது 5½ அங்குல ரிம் தேவை. அதனைக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கங்கள் உள்ளே இழுக்கப்படும். நடுப்பகுதி புடைத்துத் தேயும். வளைவுகளில் கார் தள்ளாடும்.

கலந்து மாட்டுதல் ஆபத்து

காசில்லை என்பதற்காக முன்னால் இரண்டு ரேடியலும் பின்னால் இரண்டு பழைய கிராஸ்பிளையும் மாட்டுவது மிகவும் ஆபத்தானது. முன்சக்கரம் பற்றிக்கொள்ள, பின்சக்கரம் வழுக்கிவிடும். இயந்திரம் பின்னால் அமைந்த பீட்டிலில் பின்பாரம் அதிகம். வால் சுழன்றால் மீட்பது அரிது. ஆகவே நான்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்.

காற்றழுத்தத்திலும் கவனம் தேவை. பீட்டிலின் முன்டயர்களுக்குப் பின்டயர்களைவிடக் குறைவாகவே காற்றடைக்க வேண்டும். நான்கிற்கும் ஒரே அளவு காற்றடைப்பது தவறு. காரின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுக.

டியூப் வேண்டுமா?

புதிய கார்களின் ரிம்மில் டயர் விளிம்பு நழுவாதபடி ஒரு சிறு மேடு இருக்கும். பழைய ரிம்களில் அது கிடையாது. மேடில்லாத ரிம்மில் ரேடியல் டயரை மாட்டினாலும், அதற்குரிய டியூபையும் சேர்த்தே போட வேண்டும். இல்லையேல் காற்றுக் குறைந்த நிலையில் வளைவில் திரும்பும்போது டயர் விளிம்பு நழுவி, காற்று முழுவதும் ஒரே நொடியில் வெளியேறலாம்.

டயருக்கும் வயதுண்டு

எப்போதாவது ஓடும் காரின் டயரில் பூ தேயாமல் இருக்கும். ஆனால் வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி, பக்கங்களில் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1823 என்றிருந்தால் அது 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000-ஆம் ஆண்டிற்கு முற்பட்டது. அதனை உடனே கழற்றிவிட வேண்டும். பூ எவ்வளவு நன்றாக இருப்பினும், பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட டயரை நம்பலாகாது.

எனவே டயர் கடைக்குச் செல்லுமுன் மூன்றினைத் தாளில் குறித்துக்கொள்வோம்: காரின் கையேட்டிலுள்ள டயர் அளவு, ரிம்மில் பொறித்த அகலம், டயரின் முழு உயரம். கேட்ட அளவு இல்லையெனில் சில வாரங்கள் காத்திருந்து வரவழைத்துக்கொள்வோம். அதுவரை கார் வீட்டிலேயே நிற்கட்டும். பொருந்தாத டயரை மலிவாக வாங்கி, பின்னர் அதனை மாற்ற மறுபடியும் செலவிடுவது சிக்கனம் ஆகாது.