இரக்கம் மட்டும் போதுமா?

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்னும் நபிமொழியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்த நீரை நாள்தோறும் புகட்டுவோரின் பாட்டை எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே?

ஆதரவற்ற நாய்களுக்குச் சிறு காப்பகம் நடத்துவோரின் பெருங்கவலை உணவன்று; நோய். பார்வோ வைரஸ் கண்ட குட்டி வாந்தியாலும் இரத்தக் கழிச்சலாலும் சில நாட்களிலேயே மடியக்கூடும். அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். சோப்பு நீருக்கு அழியாது. எனவே புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரமேனும் தனியே வைத்தல் வேண்டும். தனியறை நிரம்பியிருக்கும் நாளில் எவரோ வாசலில் ஒரு குட்டியைச் சாக்கில் கட்டிப் போட்டுச் சென்றால்? உள்ளே எடுத்தால் இருப்பவற்றுக்கு ஆபத்து. விட்டால் அதற்கு மரணம். "இடமில்லை" என்று இரக்கமுள்ளவரே சொல்ல நேரும் வேதனை இது.

வெறிநோயோ மனிதரையும் விடாது. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே நாய்களுக்கு மட்டுமன்றிப் பணியாளருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி தேவை. கருத்தடைச் செலவு வேறு.

"நாயின் எச்சில் அசுத்தமாயிற்றே" என்பீர்கள். உண்மை. கழுவித் தூய்மை செய்யும் முறையை மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது; தவிக்கவிடச் சொல்லவில்லை.

தோட்டக் காவலுக்கென வாங்கிய நாயை முதுமையில் காப்பக வாசலில் விட்டுவராதிருப்போம். இயன்றால் ஒரு குட்டியின் தடுப்பூசிச் செலவை ஏற்போம். அதுவும் ஒரு மிடறு நீரே.